பிணத்தைத் தாண்டாத கொலைகாரன்

கூலிக்கொலைகாரனாக வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் கையும் களவுமாகப் பிடிபட்டேன். சுட்டதெல்லாம் சரியாகத்தான் சுட்டேன். தப்பித்துப் போகிற இடத்தில்தான் கோளாறு.

யாரும் பதற வேண்டாம். நான் சொல்வது ஈப்போ பழைய டவுனில் ஜமால் நானா நடத்துகிற சாப்பாட்டுக் கடையைப் பற்றி. நூறு வருடத்துக்கு முந்தி அமெரிக்காவில் மதுவிலக்குச் சட்டம் போட்டார்கள் அல்லவா? உடனே ஊரெல்லாம் ரகசிய சாராயக் கடைகள் முளைத்தன. கடைகளுக்குச் சரக்கு கடத்த கும்பல்கள் முளைத்தன. கும்பல்களுக்கு ஆளைப் போட்டுத் தள்ளுகிறவர்கள் முளைத்தார்கள். நானாவின் கடை அந்தக் காலத்து வேஷம் போட்ட கடை. வாசலில் போர்டு கிடையாது. கதவைத் தட்டினால் சின்னதாக ஒரு சன்னல் திறக்கும். ரகசியச் சொல் சொன்னால்தான் உள்ளே விடுவார்கள். சொல்லத் தெரியாதவர்களையும் விடுவார்கள், வியாபாரம் நடக்க வேண்டுமே.

நானா தமிழ் முஸ்லிம். அவர் கடையில் சாராயத்தின் வாசம்கூடக் கிடையாது. அதில் அவருக்குப் பெரிய பெருமை.

"மதுவிலக்குன்னா நம்ம கடையிலதான்லா அண்ணே மதுவிலக்கு. அமெரிக்காக்காரன்கூட இவ்ளோ ஒழுங்கா இருந்திருக்க மாட்டான்" என்பார்.

அதனால் எங்கள் கடையில் கடத்தல் சரக்கு என்பது சிராப் பண்டோங். ரோஜா சிராப்பில் பாலைக் கலந்து பிங்க் நிறத்தில் இருக்குமே, அதுதான். அதை டீ கோப்பையில் ஊற்றி, மேலே தட்டு போட்டு மூடி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மேசையில் வைப்போம். குடிக்கிறவர்களும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்கள். நல்ல ஜனங்கள்.

1. முதல் கொலை

சாயங்காலக் காட்சி இதுதான். ஐந்தாம் மேசையில் வெள்ளைத் தொப்பி போட்ட கடத்தல்காரர் உட்கார்ந்து பண்டோங் குடித்துக்கொண்டிருப்பார். நான் கறுப்புக் கோட்டும் கறுப்புத் தொப்பியுமாக எண்ட்ரி கொடுப்பேன். "பாஸ் சலாம் சொல்லச் சொன்னாரு" என்று சொல்லிவிட்டுச் சுடுவேன். அந்த வசனம்தான் கியூ. அதைக் கேட்டதும் சமையல்கட்டில் ரொட்டி போடுகிற ரசாக், ரொட்டி சானாய் மாவைக் கல்மேடையில் ஓங்கி ஓர் அறை அறைவார். அதுதான் எங்கள் வேட்டுச் சத்தம். கடத்தல்காரர் விழுவார். நான் பிணத்தைத் தாண்டிப் பின்வாசல் வழியாக ஓடிவிட வேண்டும். கேஷியர் மே லிங் போலீஸ் தொப்பியை மாட்டிக்கொண்டு விசில் ஊதியபடி துரத்துவாள். அவள் வந்து சேருவதற்குள் நான் மறைந்திருக்க வேண்டும்.

பிணம் சுப்ரா. மற்ற நேரத்தில் மேசைக்கு மேசை ஆர்டர் எடுக்கிற நாற்பது வயதுக்காரன். வஞ்சகமில்லாமல் விழுவான்.

அன்றைக்குச் சுட்டேன். ரசாக் அறைந்தார். சுப்ரா விழுந்தான். தாண்டினேன். தாண்டிய மறுகணம்தான் எனக்கு உறைத்தது. படுத்திருக்கிற ஆளைத் தாண்டலாமா? வீட்டில் யாராவது தரையில் படுத்திருந்தால் சுற்றிக்கொண்டுதானே போவோம்? மறதியாகத் தாண்டிவிட்டால் வந்த வழியே திரும்பத் தாண்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் படுத்திருக்கிறவருக்கு ஆகாது. சுப்ரா இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். எதற்கு வம்பு என்று திரும்பி ஓடி வந்து மறுபடி தாண்டினேன். இப்போது பின்வாசல் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். போதாக்குறைக்கு என் சப்பாத்து அவன் தோளில் இடித்துவிட்டது. உடனே குனிந்து தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கை தானாகப் போகிறது, நான் என்ன செய்ய?

மே லிங் வந்து என் கோட்டைப் பிடித்தாள். "ஆங்காட் தாங்கான்!" என்று மலாயில் கத்தினாள். கையைத் தூக்கு என்கிறாள். தூக்கினேன். கடையே விழுந்து விழுந்து சிரித்தது.

கீழே கிடந்த பிணம் உதட்டை அசைக்காமல் முனகியது. "ரொம்ப நன்றிண்ணே. திரும்பத் தாண்டாம போயிருவீங்களோன்னு பயந்துட்டேன்."

கடை மூடும்போது நானா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"அண்ணே, சிக்காகோவில எவன்ணே சுட்ட ஆளத் தொட்டுக் கும்பிடுவான்?"

"கால் பட்டுருச்சு நானா."

"குண்டு பட்டுச்சே, அதுக்குக் கும்பிட்டீங்களா?"

"குண்டு வேற, கால் வேற நானா."

நானா தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அவரே ஒரு வழி செய்தார். அடுத்த நாளிலிருந்து சுப்ரா சுவரோரமாகச் சுருண்டு விழுவான். நான் தாண்டுகிற மாதிரி காலைத் தூக்கி, தாண்டாமல் பக்கத்தில் போய்விடுவேன். அந்த ஏற்பாட்டில் மூவருக்கும் மன நிம்மதி.

2. முகத்துக்குக் கிடைத்த வேலை

இந்த வேலைக்கு நான் மனு எதுவும் போடவில்லை. கமுந்திங்கிலிருந்து கையுறை ஏற்றிக்கொண்டு வடக்கும் தெற்குமாக லோரி ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். முட்டி தேய்ந்துபோய் கிளட்சு மிதிக்க முடியாமல் வேலையை விட்டேன். ஒரு நாள் நானா கடையில் மீ கோரிங் நூடுல்ஸ் சாப்பிட உட்கார்ந்தேன். எதிரே வந்து நின்று என்னையே பார்த்தார்.

"அண்ணே, தப்பா நெனச்சிக்காதீங்க. உங்க மூஞ்சி எனக்கு வேணும்."

என் முகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நெற்றியில் மூன்று தழும்பு. பார்க்கிறவர்கள் வெட்டுக்குத்து என்று நினைப்பார்கள். உண்மையில் அது டுரியான். தோட்டத்தில் இருந்த காலத்தில் மரத்தடியில் நின்று அந்த முள்ளுப்பழம் விழுமா விழுமா என்று அண்ணாந்து பார்த்தேன், விழுந்தது. அதற்குப் பிறகு நான் சும்மா நின்றாலே முறைக்கிற மாதிரி இருக்கும். பேங்கில் வரிசையில் நின்றால் முன்னால் நிற்கிறவர் நகர்ந்து வழி விடுவார். என் மனைவி லெட்சுமி மட்டும்தான் இந்த முகத்துக்குப் பயப்படாதவள். பயப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

துப்பாக்கி பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கியது. பச்சை நிறத் தண்ணீர்த் துப்பாக்கி. சப்பாத்து பாலிஷ் போட்டுக் கறுப்பாக்கினோம். அதைத் தொட்ட கையால் முகத்தைத் துடைக்கக் கூடாது. இந்தத் தொழிலில் நான் கற்ற முதல் பாடம் இது.

3. மார்கோவின் வாழ்க்கை

நான் போட்ட வேஷத்துக்குப் பெயர் மார்கோ. நானா அந்தக் காலத்துக் கொலைகாரர்களைப் பற்றி நிறையப் படித்து, எல்லோரையும் பிசைந்து இந்த மார்கோவைப் பண்ணி வைத்திருந்தார். நான் உள்ளே வருவதற்கு முன் மைக்கில் அவன் வாழ்க்கையைச் சொல்வார். கப்பலில் வந்த ஏழை வீட்டுப் பிள்ளை. முதலில் சாராய லோரி ஓட்டினான். ஒரு நாள் முதலாளி, "நாளைலருந்து நீ லோரி ஓட்ட வேணாம், ஒருத்தன மட்டும் போட்டுட்டு வா" என்றார். அதற்கப்புறம் அதுவே வேலையாகிவிட்டது.

"லோரி ஓட்டினவனா? அப்ப நம்ம ஆளு" என்றேன்.

"நம்ம ஆளு இல்லண்ணே. ஈவு இரக்கம் இல்லாதவன்."

"அவனுக்கு சம்பளத்தோட லீவு உண்டா நானா?"

"ஏது லீவு?"

"இ.பி.எஃப்.? சொக்சோ? ஓடும்போது விழுந்து கால உடைச்சிக்கிட்டா யாரு பாப்பா?"

நான் தோட்டத்தில் இருந்தபோது தொழிற்சங்கத்தில் இருந்தவன். சேமநிதி, விபத்துக் காப்புறுதி என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. நானா பொறுமையாகப் பதில் சொன்னார். மார்கோவுக்கு லீவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இருபது வருடம் முதலாளிக்கு உழைத்தான். கடைசியில் அதே முதலாளி இன்னொருவனை அனுப்பி இவனையே போட்டுவிட்டார். அவன் செத்தபோது அழ ஆளில்லை. உறவு என்று யாரும் அவனோடு ஒட்டவில்லை.

"கொலகாரனுக்கு யாருண்ணே பொண்ணு குடுப்பா? அவன் வீட்டுல யாரு பொண்ணு எடுப்பா?" என்றார் நானா.

அப்போது நான் சிரித்தேன். சில மாதம் கழித்து அதே வார்த்தை என் வீட்டுக் கதவைத் தட்டியபோது சிரிப்பு வரவில்லை.

4. கிராணி வீட்டுச் சம்பந்தம்

என் மகள் கவிதா தஞ்சோங் மாலிமில் ஆசிரியர் படிப்புப் படித்தவள். அங்கேயே கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பையனோடு பழக்கம். நல்ல பையன். அவனைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. என் கவலையெல்லாம் அவன் அப்பா வேலாயுதம். ஓய்வு பெற்ற தோட்டத்து ஆபீஸ் கிராணி.

இப்போது இருக்கிறவர்களுக்கு கிராணி என்றால் என்னவென்று தெரியாது. தோட்டத்து ஆபீஸில் உட்கார்ந்து பேர் போட்டு ஆளை வேலைக்கு அனுப்புகிறவர். துரைக்கு அடுத்த துரை. என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கிராணி எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி, அவர் வளைவு திரும்பும் வரைக்கும் நிற்பார். அந்தக் கிராணி வர்க்கத்தில் ஒருவர் ஈப்போ பக்கத்து லகாட்டில் என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். நான் என்னை அறியாமல் நின்றுகொண்டே இருந்தேன்.

பெரிய மீசை. வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. கேசரியைக்கூட முறைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டார்.

"உக்காருங்க மிஸ்டர் முனியாண்டி. என்ன வேலை பாக்கறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் லெட்சுமி முந்திக்கொண்டாள். "ஈப்போவுல பெரிய கடை, ஜமால் நானா கடையில சூப்பர்வைசர்லா!"

"அப்படியா? சூப்பர்வைசரா?" அவர் என் நெற்றியைப் பார்த்தார். முதல் தழும்பு, இரண்டாவது, மூன்றாவது.

"டுரியான் விழுந்துச்சுங்கய்யா" என்றேன்.

"ம்." மீசையைத் துடைத்துக்கொண்டார். "மிஸ்டர் முனியாண்டி, நான் சொத்து பாக்கறவன் இல்ல. படிப்பும் ரெண்டாவதுதான். குடும்பத்துக்கு மரியாத தெரியுமா, பெரியவங்கள மதிக்கத் தெரியுமா, அத மட்டும்தான் பாப்பேன். யோசிச்சிச் சொல்றோம்."

போய்விட்டார்கள். ஒரு வாரம் ஆனது. இன்னொரு வாரம் ஆனது. ஒரு பதிலும் இல்லை. பையன் போன் செய்து, "அப்பா ஒண்ணுமே சொல்ல மாட்றாரு" என்று கவிதாவிடம் வருத்தப்பட்டான். வீட்டில் எப்போதும் கலகலவென்று இருக்கிற பெண், சாப்பாட்டுத் தட்டைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, அவங்க வேணாம்னு சொல்லிட்டா எனக்குத் தாங்காதுப்பா."

அந்த ஒரு வார்த்தையில் என் மனம் விட்டுப்போனது. பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று. அது என் முகத்தாலும் என் வேலையாலும் கெட்டுப்போய்விடுமோ என்று எனக்குத் தூக்கம் வரவில்லை. லெட்சுமி வேறு போகும்போதும் வரும்போதும் என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்த வயசுல உங்களுக்கு ஏன் இந்த வேல? கிராணி ஊட்டுக்குத் தெரிஞ்சிச்சின்னா என்னா சொல்லுவாங்க? பொண்ணோட அப்பா டெய்லி ஒரு ஆளச் சுடறாருன்னா?"

"ஞாயித்துக்கெழம லீவுடி."

அதற்கு அவள் கரண்டியைத் தூக்கினாள். முடிவு தெரிகிற வரைக்கும் கடைப் பக்கமே போகாமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் மார்கோ இல்லாவிட்டால் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நானா என்ன சொல்வார்? போனேன்.

5. சுப்ராவின் பல்

அந்தச் சனிக்கிழமை சுப்ராவுக்குக் கடைவாய்ப் பல் வலி. ஒரு கன்னம் ஆவியில் வெந்த பாவ் மாதிரி வீங்கிப்போய், பல் டாக்டரிடம் ஓடிவிட்டான். கடையில் சுற்றுலாக் கூட்டம் ஒன்று ஆறாம் மேசையிலிருந்து பத்தாம் மேசை வரைக்கும் நிறைந்து கிடந்தது. நானா திரைக்குப் பின்னால் வந்து என் காதில் சொன்னார்.

"அண்ணே, பொணத்துக்கு ஆள் கெடச்சாச்சு. ஒரு கஸ்டமர். பொண்டாட்டியோட வந்திருக்காரு. சும்மா உக்காந்திருந்தாலே கடத்தல்காரர் மாதிரி இருக்காரு. செத்துக் குடுக்கறீங்களான்னு கேட்டேன், ஒடனே சரின்னுட்டாரு. மீசைன்னா மீசை அப்படி ஒரு மீசை! பயப்படாம சுடுங்க."

மீசை என்றதுமே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு, துப்பாக்கியைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, ஐந்தாம் மேசைக்கு நடந்தேன். மைக்கில் நானா முழங்கினார்.

"வருகிறான் மார்கோ! ஈவு இரக்கம் இல்லாதவன்! பெரியவர் சின்னவர் பார்க்காதவன்!"

நிமிர்ந்து பார்த்தேன். வெள்ளைத் தொப்பிக்குக் கீழே வேலாயுதம். கையில் பண்டோங். பக்கத்தில் அவர் மனைவி, வாய்க்குக் கொண்டுபோன மீ பாதி வழியில் நிற்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சூப்பர்வைசர் எப்படி வேலை பார்க்கிறார் என்று மனிதர் நேரில் பார்க்க வந்திருக்கிறார். கிராணி இல்லையா, சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்க்கிற பழக்கம் போகுமா?

சுட்டால் சம்பந்தம் போச்சு. ஓடினால் கடையின் மானம் போச்சு, அதோடு சம்பந்தமும் போச்சு. கவிதா தட்டைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்ததுதான் கண்ணுக்குள் வந்தது. வசனம் சொல்லாமல், துப்பாக்கியை எடுக்காமல், மரம் மாதிரி நின்றேன்.

சமையல்கட்டில் இருந்த ரசாக்குக்கு வெளியே நடப்பது தெரியாது. வசனம் காதில் விழாமல் போய்விட்டது என்று நினைத்திருக்கிறார் போலும். ஓங்கி அறைந்தார் மாவை.

படார்!

நான் துப்பாக்கியைத் தொடக்கூட இல்லை. வேலாயுதம் செத்துவிட்டார்.

சாதாரணச் சாவா அது! முதலில் எழுந்து நின்றார். மார்பைப் பிடித்தார். கையிலிருந்த பண்டோங்கைத் தன் வெள்ளைச் சட்டையில் தானே ஊற்றிக்கொண்டார். ரத்தமாம்! "ஐயோ, சட்ட!" என்று அவர் மனைவி கத்தினார். மனிதர் கேட்கவில்லை. அரை வட்டம் சுற்றினார். மேலே பார்த்தார். மேசை விரிப்பை இழுத்தார், கரண்டியெல்லாம் கலகலவென்று கொட்டியது. கடைசியில் சுப்ரா மாதிரி சுவரோரமாகச் சுருளாமல், மேசைக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற வழியை முழுசாக அடைத்துக்கொண்டு நீட்டி நிமிர்ந்து விழுந்தார். பின்வாசலுக்குப் போக இருந்த ஒரே வழி அது.

"மார்கோ பிணத்தைத் தாண்டி ஓடுகிறான்!" என்றார் நானா மைக்கில்.

மார்கோ ஓடவில்லை.

"இதோ, தாண்டப் போகிறான்!"

மார்கோ குனிந்து பிணத்திடம் கிசுகிசுத்தான். "ஐயா, கொஞ்சம் நவுந்து படுங்கய்யா."

"செத்துட்டேன் மிஸ்டர் முனியாண்டி" என்றது பிணம், கண்ணைத் திறக்காமல். "செத்தவன் எப்படி நவுருவான்?"

தூரத்தில் மே லிங்கின் விசில் கேட்டது. நானா மைக்கைக் கீழே இறக்கிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார். "தாண்டுங்கண்ணே! தாண்டித் தொலைங்கண்ணே!"

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ. கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திவிட்டேன்.

"முடியாது நானா! வேலயவிட்டு அனுப்புனாலும் பரவால்ல. வயசுல பெரியவரு, என் பொண்ணுக்கு மாமனாரா வரப்போறவரு. அவரத் தாண்ட மாட்டேன்!"

அப்போது மே லிங் ஓடி வந்த வேகத்தில் நிற்க முடியாமல் என் முதுகில் மோதினாள். நான் முன்னால் தடுமாறினேன். என் சப்பாத்து வேலாயுதத்தின் இடுப்பில் நன்றாகவே இடித்துவிட்டது.

தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. கிராணி மேல் என் கால்! தொப்பி கீழே விழ, மண்டி போட்டு, இரண்டு கையாலும் அவர் இடுப்பைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "மன்னிச்சிருங்கய்யா, தெரியாம பட்டுருச்சிங்கய்யா, மன்னிச்சிருங்கய்யா."

பிணத்தின் வலது கை மெல்ல மேலே எழுந்தது. என் தோளைத் தட்டியது.

"இருக்கட்டும், இருக்கட்டும். எந்திரிங்க சம்மந்தி."

6. வார்த்தை வந்துவிட்டது

நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பேச்சு முடிகிற வரைக்கும் யாரும் சம்மந்தி என்ற வார்த்தையை வாயில் எடுப்பதில்லை. ஒருதரம் சொல்லிவிட்டால் சொன்னதுதான். வேலாயுதமும் யோசித்துச் சொன்னதாகத் தெரியவில்லை. என் கை எப்படித் தானாகப் போனதோ, அவர் வாயும் அப்படித் தானாகச் சொல்லிவிட்டது. அவர் மனைவி கையிலிருந்த முள்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு, "என்னங்க, சொல்லிட்டீங்களா?" என்றார்.

"சொல்லிட்டேன்" என்றது பிணம்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். இரண்டு வாரமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்ததெல்லாம் வந்தது. சப்பாத்து பாலிஷ் கையால் கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் கறுப்பு. சுற்றுலாக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மே லிங்குக்குத் தமிழ் தெரியாது. என் கோட்டைப் பிடித்தபடி, "அங்கிள், தப்பா நடந்துருச்சா? நான் ரொம்ப ஜோரா இடிச்சிட்டேனா?" என்று மலாயில் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

வேலாயுதம் எழுந்து பிங்க் சட்டையோடு உட்கார்ந்தார். நானா தானே போய் இன்னொரு பண்டோங் கொண்டு வந்து வைத்தார்.

"மன்னிக்கணும்யா" என்றேன். "ஊட்டுல சூப்பர்வைசர்னு சொல்லிட்டாங்க."

"முப்பது வருஷம் கிராணியா இருந்தவன்லா நான். சூப்பர்வைசர் மூஞ்சி எனக்குத் தெரியாதா? இது சூப்பர்வைசர் மூஞ்சியே இல்லையேன்னுதான் பாக்க வந்தேன்." கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குரலை இறக்கினார். "எப்படிச் செத்தேன்?"

"ரொம்ப நல்லாச் செத்தீங்கய்யா."

"தோட்டத்துல திருவிழா நாடகம் போட்டா, இந்த மீசையப் பாத்து எப்பவும் என்னைய ஜட்ஜாத்தான் போடுவானுங்க. வருஷா வருஷம் ஜட்ஜு. உக்காந்தே இருக்கணும். ஒரு தடவகூட என்னையச் சாக விட்டதில்ல சம்மந்தி."

அந்தப் பெரிய மீசை லேசாக நடுங்கியது. இவரைப் பார்த்தா இத்தனை நாள் பயந்தேன் என்று இருந்தது.

வீட்டுக்குப் போன் அடித்தேன். கவிதா எடுத்தாள். சந்தோஷத்தில் எனக்கு வார்த்தை முன்னுக்குப் பின் வந்தது.

"கவிதா, உன் மாமனாரு செத்துட்டாரும்மா!"

அந்தப் பக்கம் ஒரே அலறல். பின்னால் லெட்சுமியின் குரல், "பாவி மனுசா, நெசமாவே சுட்டுட்டீங்களா?" விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. கடைசியில் கவிதா அழுதுகொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாகியிருந்தது!

நானா அடுத்த வாரமே மைக் வசனத்தை மாற்றிவிட்டார். "மார்கோ ஈவு இரக்கம் இல்லாதவன். ஆனாலும் வளர்ப்பு நல்ல வளர்ப்பு!" நான் சுட்டுவிட்டு, பிணத்தைத் தொட்டுக் கும்பிட்டு, சுற்றிக்கொண்டு போவேன். மே லிங் அதுவரை பொறுமையாக நின்று பிறகு துரத்துவாள். சனிக்கிழமைகளில் இப்போது இடம் கிடைப்பதில்லை.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். சுடுவதற்கு முன் தொப்பியைத் தூக்கி ஆள் யாரென்று பாருங்கள். ரொட்டி போடுகிறவரைக் கண்ணில் படுகிற இடத்தில் நிறுத்துங்கள். கை தானாகக் கும்பிடப் போனால் தடுக்காதீர்கள். பாவம் நானா சொன்ன கதையில் வருகிற அந்த மார்கோ, எல்லோரையும் தாண்டித் தாண்டியே போனான், கடைசியில் அவன் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

பரிசம் போட்ட அன்று கூட்டம் நிறைந்த மண்டபத்தில் வேலாயுதமும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து தட்டு மாற்றினோம். வெற்றிலை, பழம், பூ எல்லாம் இருந்த தட்டை என் கையில் கொடுக்கும்போது என் பக்கம் சாய்ந்தார். ஏதோ முக்கியமான சம்பிரதாயம் சொல்லப் போகிறார் என்று எல்லோரும் அமைதியானார்கள்.

"சம்மந்தி, சுப்ராவுக்கு வேற எதாச்சும் பல்லு வலிக்குதா?"

வலிக்கவில்லை. ஆனால் மாதத்தில் ஒரு சனிக்கிழமை சுப்ரா தானே விரும்பி லீவு எடுத்துக்கொள்கிறான். தஞ்சோங் மாலிமிலிருந்து ரயில் ஏறி, பையில் ஒரு மாற்றுச் சட்டையோடு சம்பந்தி வந்து இறங்குவார். எத்தனை முறை சொன்னாலும் சுவரோரமாக விழ மாட்டார், வழியை அடைத்துத்தான் விழுவார். இதுவரை அவரை ஏழெட்டு முறை சுட்டிருப்பேன். ஒரு முறைகூடத் தாண்டியதில்லை.